மேஸ்திரி வைத்த வெள்ளைப் பொட்டு

சனிக்கிழமை விடிந்தாலே வெங்கிடுசாமிக்கு இடுப்பு வலிக்கத் தொடங்கிவிடும். புளியஞ்சோலைக்கு மேலே காட்டுத்தடத்தை அகலப்படுத்தும் வேலை நடந்துகொண்டிருந்தது. அதற்குச் சரளை சுமக்கும் ஏழு கவிழ்ப்பு வண்டிகளுக்கும் அவர்தான் மேஸ்திரி. முன்னால் இருக்கும் முளையைப் பிடுங்கினால் போதும், பெட்டி பின்பக்கம் சாய்ந்து சரளையைக் கொட்டிவிடும். அள்ளிப் போட ஆள் தேவையில்லை என்று காண்ட்ராக்டருக்கு அதில் ஏகப் பெருமை. அடியில் படுத்துப் பார்க்கிறவனின் பாடு அவருக்கு எங்கே தெரியப்போகிறது?

சக்கரக் குடத்தில் ஏறிய மண்ணைச் சுரண்டி வண்டிமை போட வேண்டும். பின்பலகைக் கொக்கியை இழுத்துப் பார்க்க வேண்டும். பெட்டியைத் தாங்கும் கீல் ஆணியைச் சுத்தியால் தட்ட வேண்டும். நல்ல ஆணி கணீரென்று கேட்கும். விரிசல் விட்டது பொத்தென்று கேட்கும். எல்லாம் சரியென்றால் முன்பலகையில் சுண்ணாம்பால் ஒரு பொட்டு வைப்பார். பொட்டு இல்லாத வண்டியில் மாடு பூட்டக்கூடாது என்பது அங்கே சட்டம்.

அந்த வாரம் வியாழக்கிழமை ஆயுத பூசை. வண்டிகளைக் கழுவி, கண்ணில் பட்ட இரும்புக்கெல்லாம் சந்தனமும் குங்குமமும் அவரே வைத்திருந்தார். சனிக்கிழமை காலையில் தூறல் நிற்கவில்லை. நான்கு வண்டிகள் பார்ப்பதற்குள் முதுகெல்லாம் சேறாகி, எழுந்தால் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. ஐந்தாவது மாரப்பனின் வண்டி.

"ஏனுங்க மேஸ்திரி, எம்பட வண்டிக்கு அடியில போகலீங்களா?" என்றான் மாரப்பன்.

"முந்தாநேத்துத்தானே பூசை போட்டோம். ரெண்டு நாள்ல ஆணி என்ன தேஞ்சா போயிரும்? சாமி பாத்துக்கும், போ."

மீதி மூன்று வண்டிகளுக்கும் நின்றபடியே சுண்ணாம்பை வைத்துவிட்டுப் போய்ப் படுத்தார். நல்ல தூக்கம் வந்தது. அதை நினைத்துத்தான் பிற்பாடு அவருக்குத் தாளவில்லை.

திங்கட்கிழமை காலை இரண்டாவது நடை. மாரப்பன் வளைவில் வண்டியை நிறுத்தி முளையைப் பிடுங்கினான். கொட்டும் சரளையை நிரவுவதற்குக் கண்ணாயி மண்வெட்டியோடு பின்னால் நின்றாள். மலைமேல் குண்டனி நாட்டில் சாமை பொய்த்துப்போனதால் கீழே கூலிக்கு இறங்கி வந்தவள் அவள். பெட்டி பாதி சாய்ந்தபோது கீல் ஆணி முறிந்தது. பெட்டி ஒருபக்கமாகத் திரும்பிச் சரளையோடு விழுந்து, அவள் வலது காலை முழங்காலிலிருந்து பாதம்வரை நசுக்கிவிட்டது.

நான்கு பேர் சேர்ந்து பெட்டியைத் தூக்கினார்கள். ஓடி வந்த வெங்கிடுசாமிதான் அவளை வெளியே இழுத்தார். அவள் கத்தவில்லை. அவர் முகத்தைப் பார்த்து, புரியாத ஒன்றைக் கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

"பொட்டு இருந்துச்சுங்களே மேஸ்திரி? அதப் பாத்துட்டுத்தானுங்க நின்னேன்."

பொட்டு வண்டிக்காரர்களுக்கு மட்டும் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தார். எழுத்து வாசனையே இல்லாத இவளும் தினம் காலையில் அதைப் பார்த்துவிட்டுத்தான் வண்டிக்குப் பின்னால் போயிருக்கிறாள்.

சேற்றிலிருந்து ஆணித்துண்டைப் பொறுக்கினார். முறிந்த இடத்தில் பாதி புதிதாக மின்னியது. பாதி துருப்பிடித்துக் கறுத்திருந்தது. பூசைக்கு முன்பே விரிசல் விட்டிருக்க வேண்டும். அதன் வாய்மேலேயே அவர் வைத்த சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது.

காண்ட்ராக்டர் வந்தபோது கண்ணாயி மர நிழலில் கிடந்தாள். வரிந்து கட்டிய துணியையும் மீறி ரத்தம் கசிந்தது. தன் தப்பால் அடிபட்டவர்களுக்கு வண்டியும் இல்லை, வைத்தியமும் இல்லை என்பது காண்ட்ராக்டரின் ஏற்பாடு. அப்படியானால் கயிற்றுக் கட்டிலில் போட்டு மலைக்குத் தூக்கிப்போக வேண்டியதுதான், கால் அழுகிப்போகும். இது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும்.

"சாயுற பெட்டிக்குக் கிட்டத்துல போய் நின்னா இப்பிடித்தான் ஆகும்," என்றார் காண்ட்ராக்டர். "சனிக்கிழமை ஆணியத் தட்டிப் பாத்தீருதானே மேஸ்திரி? பாத்தேன்னு ஒரு வார்த்தை சொல்லும், போதும்."

ஒரு வார்த்தைதான். வெங்கிடுசாமிக்கு ஊரில் வானம் பார்த்த ஒன்றரை ஏக்கர். இந்த வேலை போனால் அவருக்கும் மனைவி பழனாயிக்கும் கஞ்சிக்கே திண்டாட்டம். மாரப்பன் தலையைக் குனிந்துகொண்டான். அவர் மறைத்தால் தானும் மறைக்கத் தயார் என்பது அதற்கு அர்த்தம். வெங்கிடுசாமிக்குப் பயமாக இருந்தது. அதைவிட, தப்பிக்க இவ்வளவு லேசான வழி இருக்கிறதே என்று வெட்கமாக இருந்தது.

துண்டில் சுற்றி வைத்திருந்த ஆணியை எடுத்துக் காண்ட்ராக்டரின் கையில் வைத்தார்.

"இல்லீங்க. தட்டிப் பாக்கல. துரு ஏறுனதப் பாருங்க, அது பழைய விரிசல். அது மேலயே சந்தனத்த வெச்சிருக்கறன். அவ மேல தப்பில்லீங்க. அவளுக்கு வண்டி கட்டுங்க."

காண்ட்ராக்டர் ஆணியைப் பார்த்தார். வேலையை விட்டுச் சுற்றி நின்ற நாற்பது பேரையும் பார்த்தார். வேறு வழியில்லாமல், "மாரப்பா, எம்பட சவாரி வண்டியப் பூட்டு. துறையூர் ஆஸ்பத்திரிக்குப் போ," என்றார். பிறகு வெங்கிடுசாமி பக்கம் திரும்பாமலே, "நாளையிலருந்து நீர் வர வேண்டாம்," என்றார்.

"சரீங்க," என்றார் வெங்கிடுசாமி.

கண்ணாயியை வண்டியில் ஏற்றியபோது அவர்தான் காலைத் தாங்கிப் பிடித்தார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தவர், அந்தக் காலைப் பார்த்துவிட்டு, அதற்கடியில் வைக்கோலை அணைத்து வைத்தார். வண்டி இறங்கிப் போனதும் சுத்தியை எடுத்துக்கொண்டு போய் ஆறாவது வண்டிக்கு அடியில் படுத்தார். இடுப்பு விண்விண்ணென்று தெறித்தது. தட்டினார், கணீரென்றது. ஏழாவதற்குப் போய்த் தட்டினார்.

பொத்தென்றது.

பிறகு எழுந்து, ஈரத்துண்டால் முன்பலகைப் பொட்டைத் தேய்த்து அழித்தார். மாட்டோடு காத்து நின்ற வண்டிக்காரன் செங்கோடனிடம் சுத்தியை நீட்டினார்.

"இந்த வண்டியப் பூட்டாத. இனிமே வாராவாரம் நீயே தட்டிப் பாத்துக்க. அலுப்பா இருந்தா வண்டிய நிறுத்திப் போடு, பொட்ட மட்டும் வெச்சுராத. சாமிக்கு ஒரு பொட்டுக் கொறஞ்சா சாமி பொறுத்துக்கும் கண்ணு. பாக்காம வெச்ச பொட்ட நம்பி நிக்கறது மனுசன்."