முடிசூட்டுப் பாத்தி

பலாப்பழம் விற்க மலையிறங்கிக் கீழ்நாட்டுக்குப் போன கருப்பண்ணன், திரும்பி வந்ததும் வராததுமாக என் வாசலில் வந்து நின்றான். என் புருஷன் மாதன் காவிரிக்கரைப் பட்டணத்துப் பூங்காவில் தோட்டவேலைக்குப் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. “மாதனப் பாத்தேன், நல்லாத்தான் இருக்கான்” என்றவன், கேட்காமலே இன்னொன்றையும் சேர்த்துச் சொன்னான். “கூட அத்தாயின்னு ஒரு பொம்பள வேல செய்யறா. ரெண்டு பேரும் அப்படிச் சிரிச்சுப் பேசிக்கறாங்க.”

அவன் வாயில் கொள்ளியை வைக்க. போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போய்விட்டான், அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. என்னிடம் மாதன் சிரித்துப் பேசியது எப்போது என்று யோசித்துப் பார்த்தேன். கல்யாணமான புதிதில் இரண்டு மூன்று தடவை இருக்கலாம். வீட்டில் உம்மென்று இருக்கிற மனுஷனுக்கு அங்கே மட்டும் சிரிப்பு எங்கிருந்து வந்தது?

சித்திரையில் ஒரு மழை பெய்து, கேழ்வரகு விதைக்கக் காடு தயாராக இருந்தது. விதைப்புக்கு மாதனைக் கூட்டிவரப் போகிறேன் என்று எங்கள் மலையில், வாழவந்தி நாட்டில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு கிளம்பினேன். அது பாதிதான் உண்மை. முள்ளுக்குறிச்சிக்கு நடந்து இறங்கி, அங்கிருந்து ராசிபுரம் வழியாக இரண்டு பஸ் மாறி, மறுநாள் காலையில் பூங்கா வாசலுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

சும்மா சொல்லக்கூடாது, பெரிய இடம். எங்கள் ஊர்க்காடு முழுவதையும் உள்ளே வைத்தாலும் மிச்சம் இருக்கும். ஒரு பக்கம் நெடுக ஆறு, அதற்குப் படித்துறை, வாத்தியக்காரர்கள் உட்கார ஒரு மண்டபம். நடுவில் புல். வெறும் புல். ஆடு மாடு ஒன்றையும் விடாமல் காவல் போட்டு, தண்ணீர் ஊற்றி வளர்க்கிறார்கள். எங்கள் காட்டில் களையெடுக்க ஆளில்லாமல் நான் இடுப்பொடிந்து கிடக்க, என் புருஷன் இங்கே கூலிக்குப் புல் வளர்க்கிறார். எனக்கு வயிறு எரிந்தது.

மாதன் ஒரு பாத்தியின் ஓரம் உட்கார்ந்து நாற்றைச் சுற்றி மண் அணைத்துக்கொண்டிருந்தார். எதிர்ப்பக்கம் ஒருத்தி பூவாளியைச் சாய்த்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவள் ஏதோ சொன்னாள். அவர் சிரித்தார். பல் தெரியச் சிரித்தார்.

என்னைக் கண்டதும் சிரிப்பு நின்றது. “ஆயம்மா, நீ எப்படி இங்க?” என்றார்.

“ஏனுங்க, வரக் கூடாதா? விதைப்பு வந்திருச்சு. ஊட்டுக்கு வாங்க.”

“சீமையில வெள்ளக்கார ராஜாவுக்கு முடி சூட்டறாங்களாம். அன்னிக்குப் பூ பூத்து, இந்தப் பாத்தி கிரீடம் மாதிரி தெரியணும்னு மேஸ்திரி உசுர எடுக்கறான். அது முடியட்டும், பாக்கலாம்.”

“பாக்கலாமா, வாரீங்களா?”

அவர் பதில் சொல்வதற்குள் அந்தப் பெண் குறுக்கே வந்தாள். அத்தாயி அவள்தான். “வாங்கக்கா. இவரு எப்பப் பாத்தாலும் மலையப் பத்தித்தான் பேசுவாருங்க. உங்க ஊட்டுக்குப் பின்னால இருக்கற பலாமரங்கூட எனக்குத் தெரியும்” என்றாள். நல்லவள் மாதிரிதான் பேசினாள், அதுதான் எனக்கு இன்னும் ஆகவில்லை. என் வீட்டுப் பலாமரத்தைத் தெரிந்துகொள்ள இவள் யார்? என்னைவிட நாலு வயதாவது மூத்திருப்பாள், என்னை அக்கா என்கிறாள். கறுத்து, ஒல்லியாக, அழகி என்றும் சொல்ல முடியாது. அழகியாக இருந்திருந்தால்கூட ஒரு வகையில் மனம் ஆறியிருக்கும்.

மதிய வெயிலில் பூங்காவில் ஆள் நடமாட்டம் குறைந்தது. “இங்கயே உக்காரு, ஆத்துல தண்ணி மொண்டுக்கிட்டு வாரோம்” என்று மாதன் என்னை மரத்தடியில் விட்டுவிட்டுப் போனார். இரண்டு பேரும் குடத்தோடு படித்துறையில் இறங்கினார்கள். தலை மறைந்தது. சிரிப்பு மட்டும் மேலே கேட்டது.

பாத்தி எனக்கு எதிரிலேயே இருந்தது. இருவரும் தலையோடு தலை முட்டக் குனிந்து வளர்த்த நாற்று. எழுந்து போய்க் குந்தி உட்கார்ந்து பிடுங்க ஆரம்பித்தேன். களை என்று நினைத்துப் பிடுங்கிவிட்டேன் என்று சொன்னால் யாரானாலும் நம்புவார்கள், மலைக்காரிக்குச் சீமைப் பூவைப் பற்றி என்ன தெரியும். ஆனால் நான் தெரிந்தேதான் பிடுங்கினேன். அப்போதும் கைப்பழக்கம் விடவில்லை. ஒவ்வொன்றையும் மண்ணை உதறி, வேர் மேலே பார்க்கத் திருப்பி, வரிசையாகப் போட்டேன். எங்கள் மலைச்சாரல் ஈரத்தில் வேர் மண்ணைத் தொட்டால் களை மறுபடி பிடித்துக்கொள்ளும். பாதிக் கிரீடம் போன பிறகுதான் மனம் கொஞ்சம் குளிர்ந்தது. கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு மரத்தடிக்கே வந்துவிட்டேன்.

முதலில் பார்த்தது மேஸ்திரி. அவன் போட்ட சத்தத்தில் இருவரும் குடத்தை வைத்துவிட்டு ஓடி வந்தார்கள். “உன் பாத்திதானேடா, மாதா? இன்னியோட உனக்கு வேலை இல்ல. நடையக் கட்டு” என்றான்.

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். வேலை போனால் வீட்டுக்குத்தானே வரவேண்டும். வாயைத் திறக்காமல் இருந்தேன்.

அத்தாயி பாத்தியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள், கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். அப்புறம் மேஸ்திரியிடம், “அவரு இல்லீங்க. தண்ணிக்குப் போறதுக்கு முன்னால, புல்லுன்னு நெனச்சு நாந்தான் பிடுங்கிட்டேன்” என்றாள்.

அவன் அதை நம்பினானோ இல்லையோ, யாரையாவது விரட்டினால் அவனுக்குப் போதும். அவளை விரட்டினான். அவள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

மாதன் குந்தி உட்கார்ந்து, வாடிக் கிடந்த நாற்றுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்ப நட்டார். நானும் கையை நீட்டினேன், தட்டிவிட்டார். பொழுது சாயும்போதுதான் வாய் திறந்தார்.

“வேரெல்லாம் மேல பாத்துக் கிடந்துச்சு, ஆயம்மா.”

நான் என் துணிமூட்டையைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டேன். “அவதான் பிடுங்கினேன்னு சொன்னாளே.”

“நீதான்னு தெரிஞ்சேதான் சொன்னா. நீ வாயத் தொறப்பியான்னு பாத்துக்கிட்டே நின்னா. நீ தொறக்கல.”

“வேர மேல திருப்பிப் போடற நம்ம பழக்கம் கீழ்நாட்டுக்காரிக்கு எப்படித் தெரியும்?”

“நாந்தான் சொல்லிக் குடுத்தேன்” என்றார். “வயசான அம்மாள வெச்சுக்கிட்டு, இந்தக் கூலியிலதான் கஞ்சி குடிக்கறா. மேஸ்திரி வாசல்ல இருப்பான். நீயே போய்ச் சொல்லு. மலைக்காரி தெரியாமச் செஞ்சுட்டான்னு உட்டுருவான். நானாப் போய் உன்னக் காட்டிக் குடுக்க மாட்டேன். ஆனா அவளத் திரும்பச் சேத்துக்கற வரைக்கும் நான் மலை ஏறறதா இல்ல.”

மூட்டையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தேன். மேஸ்திரி அங்கேதான் நின்றிருந்தான். ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவளுக்கு வேலை கிடைக்கும், விழா முடிந்ததும் இவர் வீட்டுக்கு வந்துவிடுவார். அதற்காகத்தானே இத்தனை தூரம் வந்தேன்.

எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அதை அவளுக்கு எப்போது சொல்லிக்கொடுத்தார்? எந்தப் பாத்தி ஓரம் உட்கார்ந்து? அவள் தப்பாகப் போட்டபோது கையைப் பிடித்துத் திருப்பிக் காட்டினாரா? எனக்கு அவர் இத்தனை வருஷத்தில் ஒன்றுமே சொல்லிக்கொடுத்ததில்லை.

“என்னம்மா, என்ன வேணும்?” என்றான் மேஸ்திரி.

“ராசிபுரம் பஸ் எத்தன மணிக்குங்க?” என்று கேட்டேன்.