மூன்றாவது ஆள்

எல்லோரும் சௌக்கியம்தானே? முழங்கால், முதுகு, சர்க்கரை எல்லாம் சொன்ன பேச்சு கேட்கிறதா? என் முழங்கால் மட்டும் தனி ராஜ்ஜியம் நடத்துகிறது, அதை விடுங்கள். போன மாதம் மருமகளின் நேர்காணலுக்குத் துணையாகப் போய், ஒரு பல்கலைக்கழக வாசலில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். அதை உங்களிடம் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது.

என் மருமகள் தொழிலாளர் பொருளாதாரம் சொல்லிக்கொடுப்பவள். யாருக்கு வேலை கிடைக்கிறது, யாருக்கு ஏன் கிடைப்பதில்லை, கூலியை யார் தீர்மானிக்கிறார்கள், அரசாங்கம் அதில் என்ன செய்ய முடியும், இதுதான் அவள் பாடம். கூத்து என்னவென்றால் அவளுக்கே நிரந்தர வேலை கிடையாது. அந்தப் பல்கலைக்கழகத்தில் பல வருடமாகத் தற்காலிக ஆசிரியை. வகுப்பு எடுத்த மணிக்குத்தான் சம்பளம். விடுமுறை வந்தால் மாணவர்கள் சிரிப்பார்கள், எங்கள் வீட்டு அடுப்பு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொள்ளும்.

ஒருவழியாக அவள் பாடத்துக்கென்றே ஒரு பேராசிரியர் இடம் வந்தது. அதற்கு வயது வரம்பு உண்டு. இன்னும் ஒரு மாதம் போனால் அவள் அந்த வரம்பைத் தாண்டிவிடுவாள். இதை விட்டால் வேறு வண்டி இல்லை.

"நீங்க கூட வாங்க அத்தை. நீங்க பக்கத்துல வளவளன்னு பேசிக்கிட்டிருந்தா எனக்குப் பயம் தெரியாது" என்றாள். இதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

பேருந்தை விட்டு இறங்கினால் பெரிய கேட் சாத்தியிருக்கிறது. முன்னால் தார்ப்பாய் விரித்து ஒரு கூட்டம். எல்லோரும் அவளைப் போலவே தற்காலிக ஆசிரியர்கள். 'எங்களை நிரந்தரமாக்கு, பிறகு புது ஆளை எடு' என்று அட்டை பிடித்திருந்தார்கள். முந்தின நாள் சாயங்காலம்தான் திடீரென்று முடிவெடுத்தார்களாம். நடுவில் நின்று கோஷம் போட்டவரை எனக்குத் தெரியும். மருமகளின் துறைக்காரர், ஒரு முறை வீட்டுக்கு வந்திருக்கிறார். அவர் குரலுக்கு எல்லோரும் வைத்த பெயர் சங்கு.

சங்கு எங்களைப் பார்த்ததும் கோஷத்தை நிறுத்திவிட்டு வந்தார்.

"மேடம், உள்ள போகப் போறீங்களா?"

"கூப்பிட்டிருக்காங்களே சார்."

"என்னையும்தான் கூப்பிட்டாங்க. நான் இங்க உக்காந்திருக்கேன், பாருங்க." பிறகு குரலைத் தாழ்த்தினார். அவர் தாழ்த்தினாலும் தெருமுனை வரை கேட்கும். "மொத்தம் நாலு பேருக்கு அழைப்பு. வெளியூர்க்காரங்க ரெண்டு பேரைப் பின் கேட் வழியா கூட்டிட்டுப் போயிட்டாங்க. மூணு பேராவது வந்தாத்தான் நேர்காணல் செல்லும், அது விதி. இந்த இடத்துக்கான அனுமதியும் இன்னிக்கோட காலாவதி. நீங்களும் நானும் போகலைன்னா அவங்களுக்கு ஒண்ணும் நடக்காது."

"அப்போ என் மருமகளுக்கும் ஒண்ணும் நடக்காது இல்லையா தம்பி?" என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அந்த நேரம் பார்த்து மருமகளின் போன் அடித்தது. பதிவாளர். வேலைக்கு ஆள் எடுக்கும் காரியமெல்லாம் அவர் கையில்தான். அவள் ஒலியைக் கூட்டி வைத்தாள்.

"பின் கேட்ல கார் நிக்குது மேடம், வந்துடுங்க. தேர்வுக்குழுவுல இருக்கவங்களுக்கு அஞ்சு மணிக்கு ரயில்."

நான் அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தேன். "ஏம்மா, இன்னும் என்ன யோசனை? பின் கேட்டோ சமையல்கட்டு ஜன்னலோ, உள்ள போய்ச் சேரு!"

அவள் அசையவில்லை. வகுப்பில் கணக்குப் போடும்போது இப்படித்தான் நிற்பாள் போலிருக்கிறது, எங்கேயோ பார்த்துக்கொண்டு. பிறகு போனில் சொன்னாள்: "சார், வர்றேன். முன் கேட் வழியாத்தான் வருவேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு. இங்க உக்காந்திருக்கற எல்லாருக்கும் வயசு வரம்பை எடுத்துட்டதா ஆணை வேணும். கையெழுத்தோட."

தார்ப்பாய் மேல் உட்கார்ந்திருந்தவர்கள் போன் பக்கம் கழுத்தை நீட்டினார்கள்.

"மேடம், இது நேர்காணல். பேரம் பேசற இடம் இல்ல."

"இன்னிக்கு உங்களுக்கு ஒரு ஆள் குறையுது சார். ஆள் குறையும்போதுதான் பேரம் பேசணும்னு நான் வருஷா வருஷம் வகுப்புல சொல்றேன்."

போனை வைத்துவிட்டாள்! எந்த ஊரிலாவது வேலை கேட்டுப் போகிறவள் வேலை கொடுப்பவனுக்கு நிபந்தனை போடுவாளா?

சங்கு வாயைப் பிளந்தார். "நம்ம கோரிக்கை நிரந்தரம் மேடம். வெறும் வயசு வரம்பு இல்ல."

"தெரியும் சார். ஒத்தை ஆளை வச்சு எல்லாருக்கும் நிரந்தரம் வாங்க முடியாது. இதை வாங்கலாம். இங்க பாதிப் பேர் வயசு தாண்டிப்போய் விண்ணப்பமே போட முடியாம உக்காந்திருக்காங்க."

"உங்களுக்கு நல்ல சாக்கு!" என்று பின்னாலிருந்து ஒரு கண்ணாடிக்கார அம்மா கத்தினாள். "எங்க பேரைச் சொல்லி உள்ள போயிடலாம் பாருங்க!"

மருமகள் திரும்பவில்லை. காது மட்டும் சிவந்தது.

அப்போது சங்கின் போன் அடித்தது. திரையில் பதிவாளர் பெயர். எல்லோருக்கும் புரிந்துவிட்டது. மூன்றாவது ஆளாக இவர் போனாலும் போதும். இவர் போய்விட்டால் என் மருமகளின் பேரம் அங்கேயே படுத்துவிடும், வேலையும் அதோடு போகும். சங்குக்கும் இரண்டு பெண் பிள்ளைகள், வாடகை வீடு. போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவர் கட்டைவிரல் அதன்மேல் வந்தது, விலகியது, திரும்ப வந்தது. மருமகள் அவரைப் பார்க்கவே இல்லை. பார்த்தால் கெஞ்சுவதுபோல் ஆகிவிடும் என்று நினைத்திருப்பாள்.

சடக்கென்று போனை என் கையில் திணித்தார். "அம்மா, நீங்க வச்சுக்கங்க. என்கிட்ட இருந்தா எடுத்துடுவேன்."

சொல்லிவிட்டு, தண்ணீர் கேன் இருந்த பக்கம் போய்விட்டார்.

அது நின்றது. மறுபடி அடித்தது. உள்ளங்கையில் பிடிபட்ட தவளை மாதிரி துடித்தது. எனக்குப் பொறுமை எப்போதும் கம்மி. எடுத்துவிட்டேன்.

"சார் இல்லைங்க" என்றேன்.

"நீங்க யாரு?"

"போன் வச்சிருக்கேன். இவங்க ரெண்டு பேரும் ஒரே பேச்சாத்தான் இருக்காங்க. ஒருத்தரைத் தள்ளிட்டு ஒருத்தர் வர மாட்டாங்க. நீங்க இங்க வந்தாத்தான் காரியம் நடக்கும். வெயிலா இருக்கு, குடை எடுத்துட்டு வாங்க."

மருமகள் என்னை முறைத்தாள். "அத்தை, யாரைக் கேட்டுப் பேசினீங்க?"

"பேசத்தானே கூட்டிட்டு வந்த?"

பதிவாளர் வந்தார், குடை இல்லாமல். கம்பி இடுக்கில் முகத்தை வைத்து, ஏற்பாடு செய்கிறேன் என்றார். மருமகள், ஆணை கையில் வரட்டும் என்றாள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், வேர்வையைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் போனார். அவர் போன பிறகுதான் கஷ்டமே. வெறும் கோபத்தில் நேர்காணலையே ரத்து செய்துவிட்டால்? கண்ணாடிக்கார அம்மாகூடக் கத்துவதை விட்டுவிட்டு கம்பி இடுக்கில் எட்டிப் பார்த்தாள். நான் கடவுளிடம் பேசலாமா, பதிவாளருக்கே திரும்பப் போன் போடலாமா என்று குழம்பினேன்.

இரண்டு மணி தாண்டியதும் காகிதம் வந்தது, முத்திரையோடு. சங்கு உரக்கப் படித்தார். தற்காலிக ஆசிரியர் யாருக்கும் இனி வயது வரம்பு கிடையாது. சிலர் கை தட்டினார்கள். "இவ்வளவுதானா?" என்று சிலர் எழுந்து நின்றார்கள். மருமகளின் காலடியில் யாரோ வீசிய அட்டை ஒன்று வந்து விழுந்தது. அவள் அதை மிதிக்காமல் தாண்டி, எல்லோரும் பார்க்க, முன் கேட் வழியாக உள்ளே போனாள்.

அடுத்த வாரம் முடிவு வந்தது. வேலை வெளியூர்க்காரர் ஒருவருக்கு. துறைத்தலைவர் அவளைக் கூப்பிட்டு, "உங்க பதில்தான் எல்லாத்துலயும் நல்லா இருந்துச்சும்மா. ஆனா குழு மேல் மாடி ஜன்னல்லேர்ந்து கேட்டைப் பார்த்துக்கிட்டே இருந்துச்சு" என்றாராம். எதற்கு எடுக்கவில்லை என்று இதைவிட விளக்கமாக யார் சொல்வார்கள்? கூலியை எப்படிப் பேசி வாங்குவது என்று சொல்லிக்கொடுக்க ஆள் தேடியவர்கள், அதைச் செய்து காட்டியவளைப் பார்த்துப் பயந்துவிட்டார்கள்.

அன்றைக்கு அவள் கூடத்தில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். என்னால் வாயைக் கட்ட முடியவில்லை.

"பின் கேட் வழியா பேசாம போயிருந்தா?"

"கிடைச்சிருக்கும் அத்தை" என்றாள், தலையைத் தூக்காமல். "அது அங்க நிக்கும்போதே தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"ம்."

அடுத்த விடைத்தாளை எடுத்தாள். சிவப்புப் பேனா எழுதவில்லை; உதறினாள், உதறினாள், பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் காப்பி போடப் போகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன்.

வயது வரம்பு போய்விட்டதால் அடுத்த தடவை அவளும் போடலாம், அந்தத் தார்ப்பாய்க்காரர்களும் போடலாம். அடுத்த இடம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அவள்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. அவளை யாராவது குறை சொன்னால் அதைவிடக் கோபம் வருகிறது. நீங்களோ உங்கள் வீட்டுப் பிள்ளைகளோ இப்படி ஒரு கேட்டுக்கு முன்னால் நின்றதுண்டா? எந்த வழியாக உள்ளே போனீர்கள், இல்லை திரும்பி வந்துவிட்டீர்களா? இரண்டு வரியாவது எழுதுங்கள். கண்ணாடி துடைத்து வைத்திருக்கிறேன், எல்லாவற்றையும் படிப்பேன்.