முப்பது மீட்டரும் ஒரு கொசுறும்

ஜவுளிக் கடைக்காரருக்கு யார் சொன்ன விலையிலும் நம்பிக்கை கிடையாது. டாக்டர் பத்து நாளுக்கு மாத்திரை எழுதினால் ஏழு நாளுக்குப் பேசி முடிக்கிற ஆள். அதனால், தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்க்கும் மனைவியின் தம்பி கொல்லையில் நின்று, "வீட்டைச் சுத்தி முப்பது மீட்டருக்கு ஒரு சருகு இருக்கக் கூடாது, மாமா. இந்தக் கோடை சரியில்லை" என்றபோது சிரித்துவிட்டார்.

"முப்பதா? வீட்டுக்குச் சொல்றியா, விமான நிலையத்துக்குச் சொல்றியா? அஞ்சு வச்சுக்கோ, மாப்ளே."

"நெருப்பு என்ன உங்க கடைக்கு வர்ற கஸ்டமரா? இருபத்தஞ்சு."

"ஏழு. உங்க அக்கா முகத்துக்காக."

"என் முகத்தை ஏன் இழுக்கறீங்க?" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

பத்தில் முடிந்தது. தம்பி தோற்றவனைப் போல முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனான்.

பேசி முடித்துவிட்டால் கடைக்காரர் வாக்குத் தவற மாட்டார். காய்ந்த புல்லை ஒட்ட வெட்டினார். சுவரோடு அடுக்கியிருந்த விறகைத் தூர மாற்றினார். கூரைமேல் சாய்ந்த கிளைகளைக் கழித்தார். ஏணி போட்டு ஏறி, கூரையோர மழைநீர்த் தகரத்தில் அடைந்திருந்த சருகையும் வாரிக் கொட்டினார். பத்து மீட்டரில் ஒரு விரற்கடை குறையவில்லை.

ஆனால் கொசுறு வாங்காமல் அவர் பேரம் எதுவும் முடிந்ததாகச் சரித்திரமில்லை. 'ஒருநாள் உதவும்' என்று சேர்த்துவைத்த காலி அட்டைப்பெட்டிகளைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. பின்பக்க மரப்படிக்கட்டுக்கு அடியில் திணித்து, மறைப்பாக ஒரு சாக்கைத் தொங்கவிட்டார். மச்சான் கண்ணில் படவில்லை.

அந்தக் கோடையிலேயே ஊரை ஒட்டிய மலைச்சரிவில் காடு பற்றிக்கொண்டது. ஒலிபெருக்கி வண்டி வந்து எல்லாரையும் கிளப்பியது. பள்ளிக்கூட மண்டபத்தில் தெருவே பாய் விரித்து உட்கார்ந்திருக்க, கடைக்காரர் மட்டும் கல்யாண வீட்டுக்காரரைப் போல வளைய வந்தார். "நம்ம வீட்டு எல்லையில வந்து நெருப்பு ஒரு கும்பிடு போட்டுட்டுத் திரும்பிடும், பாருங்க."

ஜன்னலோரம் நின்றிருந்த மனைவி முந்தானையிலிருந்து சாம்பலைத் தட்டினாள். "இங்கவரைக்கும் பறந்து வருதே! பொறிக்கு எல்லையெல்லாம் கிடையாதாம், தம்பி சொன்னான். காத்துல வந்து எது மேலயாவது உட்கார்ந்தாப் போதுமாம். நல்லவேளை, நம்ம வீட்டுல உட்கார ஒண்ணுமில்லை."

கடைக்காரர் மனசுக்குள் அடுக்கிப் பார்த்தார். அட்டைப்பெட்டிக்கு மேலே மரப்படி. மரப்படிக்கு மேலே மரக்கதவு. கதவுக்குப் பின்னால் மொத்த வீடு.

சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் வீடு போகும். மண்டபத்துக்கு வெளியே வந்து மச்சானுக்குப் போன் போட்டார்.

"மாப்ளே, பின்படிக்கட்டுக்கு அடியில அட்டைப்பெட்டி கிடக்குது."

"எவ்வளவு?"

"கொஞ்சம்தான்."

"மாமா!"

"அடைச்சு வச்சிருக்கேன்."

திட்டுவான் என்று பார்த்தார். "வண்டி உங்க தெருமுனையிலதான் நிக்குது" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டான்.

மறுநாள் திரும்பியபோது அவர் வெட்டிய எல்லைவரை தரை கன்னங்கரேலென்று கிடந்தது; உள்ளே மண் மண்ணாகவே இருந்தது. கீழ்ப்படி இரண்டு கருகியிருந்தன. நனைந்து நைந்த பெட்டிகள் கொல்லை நடுவில் கிடக்க, மச்சான் மேல்படியில் கரி முகத்தோடு தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான்.

"நான் வர்றப்போ சாக்கு பிடிச்சு எரிஞ்சுகிட்டிருந்துது, மாமா. அடுத்தது கதவுதான்."

கடைக்காரர் அந்தப் பேச்சைத் தாண்ட வழி தேடினார். "பத்துலயே நின்னுடுச்சே. அப்புறம் எதுக்கு முப்பது சொன்னே?"

"இந்த இடத்துக்கு வேணுங்கறதே பத்துதான். அதை முதல்லயே சொல்லியிருந்தா மூணுல முடிச்சிருப்பீங்க."

"கொல்லன் தெருவுலயே ஊசி வித்துட்டானே என் தம்பி!" என்று மனைவி சிரித்தாள்.

கடைக்காரர் சிரிக்கவில்லை. ஈரப் பெட்டிகளைத் தானே வாரிக் குப்பை வண்டியில் ஏற்றினார்.

"அடுத்த கோடைக்கு எவ்வளவு சொல்லப்போறே?"

"அம்பது."

கருகிய படியை ஒருமுறை பார்த்தார்.

"இருபது வச்சுக்கோ. கொசுறா, படிக்கட்டை இரும்புல போட்டுத் தர்றேன்."