கோபால்ட்டுகளின் இருப்பிடச் சான்று

சிலிக்காத் துகள்களின் மேல் ஒட்டிக் குடியேறியிருந்த கோபால்ட் அயனிகளுக்குத் திங்கட்கிழமை இருப்பிடச் சான்று கிடைத்துவிட்டது. கிராம நிர்வாக அலுவலர் உருப்பெருக்கியோடு ஆய்வகத்துக்கு வந்து, ஒவ்வொன்றுக்கும் கதவு எண் போட்டு, டீ குடித்துவிட்டுப் போனார்.

பூரணவல்லிக்கு இது இடைஞ்சலாகப் போயிற்று. அவளுடையது ஐந்து வருட ஆராய்ச்சி. கோபால்ட்டை அமிலம் ஊற்றி இறக்கி, எவ்வளவு ஒட்டியிருந்தது என்று அளந்து, வெள்ளிக்கிழமைக்குள் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். தவறினால் பதிவு ரத்து. சான்று வைத்திருப்பவர்களை இறக்குவதென்றாலோ முப்பது நாள் நோட்டீஸ் தர வேண்டும்.

நெறியாளர் தேவசகாயம் முழுவதையும் கேட்டுக்கொண்டு, நயமாகப் பேசிப் பார்க்கச் சொன்னார்.

அவள் குடுவையருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தண்ணீரில் இருந்தவரை ரோஜா நிறத்தில் சோர்ந்து கிடந்தவை, இப்போது பளிச்சென்று நீலமாக இருந்தன. நான் என்ன குறை வைத்தேன் என்று கேட்டாள்.

"ஒரு குறையும் இல்லக்கா," என்றது ஓரத்தில் இருந்த ஒன்று. "தண்ணியில ஆளுக்கு ஆறு பேரு, எல்லாம் தண்ணி மூலக்கூறுங்க, சுத்தி நின்னு பிடிச்சிருந்தாங்க. திரும்பக்கூட இடமில்ல. இங்க நாலு பேரை அனுப்பிட்டுச் சுவத்தைப் பிடிச்சிக்கிட்டோம். கூட ரெண்டே பேருதான். இப்பத்தான் மூச்சு விடுறோம்."

மாமியார், மாமனார், இரண்டு நாத்தனார், கொழுந்தன், கணவன் என்று பூரணவல்லியின் வீட்டிலும் ஆறு பேர். அதற்குமேல் அவளால் வாதாட முடியவில்லை. அமிலப் புட்டியை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். முடிவுரையில் இரண்டே வரி எழுதினாள்: 'இறங்க விருப்பமில்லை. சொல்லும் காரணம் நியாயமானது.'

இதைத் தேர்வாளர்கள் ஏற்றுக்கொள்வார்களா என்று நெறியாளரிடம் கேட்டாள்.

"ஏத்துக்கலைன்னா அவங்களே வந்து பேசிப் பாக்கட்டும்மா," என்று கையெழுத்துப் போட்டார் அவர்.

இரண்டு மாதம் கழித்து வாய்மொழித் தேர்வு. வெளித்தேர்வாளர் காலை ரயிலில் இரண்டு தண்ணீர்க் கேன்களில் வந்து இறங்கினார். தேவசகாயம் அவரை ஆட்டோவில் கூட்டிவந்து, கருத்தரங்கக் கூடத்தில் ஓர் அகலமான தொட்டியில் சிந்தாமல் ஊற்றினார். அவர் கொஞ்சமும் தளும்பாமல் ஆய்வேட்டைக் கடைசிப் பக்கம்வரை படித்தார். முடிவுரையை மட்டும் இரண்டு முறை படித்தார்.

"டாக்டர் பூரணவல்லி," என்றார் பிறகு, "அந்த மின்விசிறியைக் கொஞ்சம் குறையுங்கள். பேசி முடிப்பதற்குள் ஆவியாகிவிடுவேன்."