பீச்சாங்கைக்கு ஒரு வாரம்

எங்கள் குடோனில் எவனும் பேஸ்பால் மட்டையைக் கையால் தொட்டதில்லை. முன்பிருந்த மேனேஜர் விட்டுப் போன கம்ப்யூட்டரில் அந்த விளையாட்டு இருந்தது. ஆளுக்கொரு அணி, மொத்தம் எட்டு. நாம் பந்து வீச வேண்டாம், அடிக்க வேண்டாம். யார் ஆடுவது, யார் உட்காருவது என்று பட்டியல் போட்டுக் கொடுத்தால் போதும். மிச்சத்தைக் கம்ப்யூட்டரே ஆடி முடிவைச் சொல்லிவிடும். கிரிக்கெட் தெரிந்தவனுக்கு பேஸ்பால் பாதி புரியும். அந்தப் பாதியை நம்பித்தான் முதல் சீசனில் எல்லோரும் நாசமாய்ப் போனோம்.

மச்சான் மட்டும் தப்பித்தார். மச்சான் என்றால் அக்காவின் கணவர். குடோன் சூப்பர்வைசர். படிப்பைப் பாதியில் விட்டு வந்த எனக்கு இந்த வேலையும் தன் வீட்டு மாடியில் ஓர் அறையும் கொடுத்தவர். விளையாட்டின் சூட்சுமத்தை முதலில் கண்டுபிடித்தவரும் அவர்தான். பந்து வீசும் ஒவ்வொருவன் பெயருக்குக் கீழும் ஒரு கோடு இருக்கும். ஓய்வெடுத்தவனுக்குப் பச்சை. ஒரு ஆட்டம் வீசினால் சிவப்பு. பச்சைக்குத் திரும்ப ஐந்து நாள் ஆகும். ஆசைப்பட்டு சிவப்பில் இறக்கினால் கை போய்விடும், சீசன் முழுக்க அவன் இல்லை. நாங்கள் எல்லோரும் ஆசைப்பட்டோம். மச்சான் தோற்றாலும் இறக்க மாட்டார்.

"அவன் கையில உசுரே இல்லடா, எப்படி அனுப்புறது?" என்பார், பெற்ற பிள்ளையைச் சொல்வது போல.

சொல்லிவிட்டு, அதே திரையில் பக்கத்தில் திறந்திருக்கும் ஷிப்ட் பட்டியலுக்குப் போவார். மாலை ஷிப்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவன் வேலையை விட்டு நின்றதிலிருந்து அந்தக் கட்டத்தில் ஒரே பெயர்தான். ஒட்டகம். கழுத்தை நீட்டி நீட்டி வண்டி ஓட்டுவான், அதனால் அந்தப் பெயர். காலையிலும் அவன், மாலையிலும் அவன். குடோனில் அவனை விட நன்றாக ஓட்டுபவன் கிடையாது. அதுதான் அவன் செய்த தப்பு.

புதன்கிழமை காலை நான் அட்டைப் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். என் தோளை ஒட்டி, ஒட்டகம் ஓட்டி வந்த வண்டியின் சரக்குத் தூக்கும் இரும்பு முள் பெட்டிக்குள் புகுந்தது. கொஞ்சம் தள்ளி நின்றிருந்தால் எனக்குள் புகுந்திருக்கும்.

"தூங்குனியா?" என்றேன்.

"கண்ணு தெறந்துதான்டா இருந்துச்சு." அவன் முகம் வெளுத்துவிட்டது. "உன் மச்சான்கிட்ட சொல்லிடாதடா. லைசென்ஸ் போயிடும்."

சொன்னால் மச்சான் மேலிடத்துக்கு எழுதியே ஆக வேண்டும், அது விதி. சொல்லாவிட்டால் அடுத்த முறை முள் எவன் மேலாவது ஏறும். லீவு கேட்டுப் பார்த்திருக்கிறான், மச்சான் "ஆள் வரட்டும்டா" என்று அனுப்பிவிட்டார். என் கையில் மச்சானுக்குத் தேவையான ஒன்றே ஒன்று இருந்தது. என் அணியில் இடது கையால் பந்து வீசும் ஒருவன். பீச்சாங்கை என்று நாங்களே பெயர் வைத்தது. இறுதி ஆட்டத்தில் மச்சானுக்கு எதிரே குடோன் கணக்கரின் அணி வருவது ஏறக்குறைய உறுதி. அதில் அடிப்பவர்களில் பாதிப் பேர் இடது கைக்காரர்கள். அவர்களுக்கு பீச்சாங்கையின் பந்து கண்ணில் படாது. சீசன் தொடங்கியதிலிருந்து மச்சான் அவனைக் கேட்டு நச்சரித்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் பட்டியல் போட உட்கார்ந்தார்.

"மச்சான், பீச்சாங்கை வேணுமா?"

டப்பாவிலிருந்து தலையைத் தூக்கினார். "பதிலுக்கு யாரு? உங்கக்கா தம்பியாச்சே, சும்மா குடுக்க மாட்டியே."

"ஒட்டகத்துக்கு ஒரு வாரம் லீவு."

"வெளையாட்டையும் வேலையையும் ஏன்டா போட்டுக் கொழப்புற?"

"வேணுமா வேண்டாமா?"

"எதுக்குடா அவனுக்கு லீவு?"

"பாவமா இருக்கு."

"உனக்கா? பாவமா?" சிரித்தார். கையைக் கழுவிவிட்டு வந்து, "சரி, ஒரு வாரம்" என்றார்.

எனக்கு அதுதான் எரிச்சல். நாலு நாள் பேரம் இழுக்கும் என்று நினைத்திருந்தேன். கை கழுவும் நேரத்தில் கொடுக்க முடிகிற ஒன்றை இத்தனை நாள் அவனுக்குக் கொடுக்காமல் வைத்திருந்திருக்கிறார்.

"காலைல ஓட்ட இன்னொருத்தன் இருக்கான். ஆனா மாலைக் கட்டம் காலியா இருக்கக் கூடாதுல்ல?" மச்சானின் விரல் பட்டியலில் இறங்கி என் பெயரில் நின்றது. "உன்கிட்ட லைசென்ஸ் இருக்குல்ல?"

"ஓட்டி ஒரு வருஷமாச்சு மச்சான்."

"அப்ப கை நல்லா ரெஸ்ட் எடுத்திருக்கும்."

விளையாட்டில் ஒருவனை உட்கார வைத்தால் பெஞ்சிலிருந்து இன்னொருவன் எழுந்து வருவான். குடோனில் பெஞ்ச் கிடையாது. இதை யோசிக்காமல்தான் பேரம் பேசியிருக்கிறேன். திங்கட்கிழமையிலிருந்து காலையில் பெட்டி எண்ணினேன், மாலையில் வண்டி ஓட்டினேன். மச்சான் பெரும்பாலும் ஆறு மணிக்கு வீட்டுக்குப் போய்விடுவார். "நீ எங்கடா போய்த் தொலைஞ்ச?" என்று அக்கா போன் செய்தாள். "உன் புருஷனக் கேளு" என்றேன்.

வியாழக்கிழமை மாலை இறுதி ஆட்டம். நினைத்தபடியே கணக்கர்தான் எதிரே. பீச்சாங்கையை அரையிறுதியில் இறக்கித்தான் மச்சான் இவ்வளவு தூரம் வந்திருந்தார். கோடு இன்னும் பச்சைக்கு வரவில்லை. மச்சானின் கண்ணாடி அறைக்குள் எல்லோரும் அவரைச் சுற்றி நின்று கத்தினார்கள்.

"போட்ருங்க சார், ஒரே ஒரு ஆட்டம்தான!"

"முடியாது. ரெண்டு நாள்தான் ஆச்சு. கை போயிடும்."

வாசலில் சாய்ந்து நின்று கேட்டேன். கண்ணுக்குள் மணல் அரைத்தது. திரும்பிப் போய் வண்டியில் ஏறினேன். சரக்கைத் தூக்கியது நினைவிருக்கிறது. அடுத்து நினைவிருப்பது சத்தம். முள் அந்த அறையின் சுவரில் இறங்கியிருந்தது. மேலே கண்ணாடியில் குறுக்காக விரிசல் ஓடியிருந்தது.

யாருக்கும் அடியில்லை. மச்சான் மற்றவர்களை வெளியே அனுப்பினார். என் முகத்தையே பார்த்தார். கன்னத்துக்குக் கீழே அந்தப் பச்சை, சிவப்புக் கோட்டைத் தேடுகிற மாதிரி இருந்தது.

"தூங்கிட்டியா?"

"ஆமா."

"ஒட்டகத்துக்கும் இப்படித்தான் ஆச்சா?"

வண்டிச் சாவியை எடுத்து அவர் மேசையில் வைத்தேன்.

"அதுக்குத்தான் பீச்சாங்கையக் குடுத்தியா? என்கிட்ட சொல்லியிருக்கலாமேடா."

"சொன்னா எழுதியிருப்பீங்க."

"இப்பவும் எழுதணும்டா."

"எழுதுங்க. எனக்கெதுக்கு லைசென்ஸ்."

எழுதினார். காரணம் என்ற இடத்தில் வழக்கமாக 'கவனக்குறைவு' என்று போடுவார்கள். அவர் 'தொடர்ந்து இரட்டை ஷிப்ட்' என்று அடித்தார். ஷிப்ட் போட்டது யார் என்று மேலிடம் கேட்கும். அது இரண்டு பேருக்கும் தெரியும். பிறகு மாலைக் கட்டத்தில் என் பெயரை அழித்தார். வேறு பெயரைத் தேடி விரல் பட்டியலில் கீழே வரை போனது, மேலே வந்தது. விளையாட்டாக இருந்தால் காலிக் கட்டத்தை ஏற்காமல் கத்தும். ஷிப்ட் பட்டியல் சும்மா இருந்தது.

போன் அடித்தது. லாரிக்காரன்.

"இன்னைக்கு ஏத்த முடியாது," என்றார் மச்சான். "ஆள் இல்ல. காலைல வா." எதிர்முனையில் அவன் கத்தியது எனக்கே கேட்டது. மச்சான் போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டார். அடுத்த வாரம் என்ன செய்வாரோ, தெரியாது.

"லைசென்ஸே போச்சு," என்றேன். "பீச்சாங்கையத் திருப்பிக் குடுங்க."

"ஒட்டகம் வீட்டுல படுத்துட்டுத்தான இருக்கான்? டிரேடு டிரேடுதான். நீ போய்ப் படு."

பீச்சாங்கையை உட்கார வைத்தே ஆடினார். தோற்றார்.