மேசைக்கு அந்தப் பக்கம்

நூலகத்துக்குப் பின்னால் இருக்கும் கூடத்தில் சனிக்கிழமைகளில் சாப்பாட்டுச் சாமான் கொடுக்கிறார்கள் என்ற செய்தியை டிரைவரின் மனைவிதான் முதலில் கொண்டுவந்தாள். அவள் வேலை பார்க்கும் சலவைக் கடையில் பாதிப்பேர் அங்கேதான் வாங்குகிறார்களாம். பேரைக்கூடக் கேட்பதில்லையாம், வீட்டில் எத்தனை பேர் என்று மட்டும் கேட்டுவிட்டுப் பை நிறையப் போட்டு அனுப்புகிறார்களாம்.

“எனக்கு சனிக்கிழமை காலையில வேலை. நீங்க போய் வாங்கிட்டு வந்துடுங்க.”

டிரைவர் என்பது இப்போது வெறும் பட்டப்பெயர்தான். கட்டில், பீரோ விற்கும் கடை ஒன்றில் தலை நரைக்கும்வரை லாரி ஓட்டியவர். கடையை மூடினார்கள், லாரியையும் விற்றார்கள். அக்கம்பக்கத்தார் வைத்த பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. வீட்டில் அரிசி டப்பா அடி தெரிய ஆரம்பித்திருந்தது. வளர்கிற வயதில் இரண்டு பெண்கள். உட்கார்ந்தால் பசி, எழுந்தால் பசி என்று இருந்தார்கள். எல்லாம் அவருக்கும் தெரியும். ஆனாலும் கைநீட்டி வாங்குவது என்று நினைத்தாலே உடம்பு கூசியது.

சனிக்கிழமை, துணிப்பையைச் சின்னதாக மடித்து சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு கிளம்பினார். வரிசை நூலகச் சுவரைச் சுற்றி வளைந்து போயிருந்தது. தெரிந்த முகம் ஏதாவது உண்டா என்று எதிர்ப்புற நடைபாதையிலிருந்து நோட்டம் விட்டார். இருந்தது. அவர் லாரி ஓட்டிய கடையின் காசாளர் வரிசை நடுவில் யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். ‘இந்த மனுஷனுக்குச் சிரிப்பு வேற!’ என்று முனகியபடி டிரைவர் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு போனார். பின்கதவு திறந்திருந்தது. யார் கண்ணிலும் படாமல் நைசாக ஒரு பையை வாங்கிக்கொண்டு நழுவிவிடலாம் என்பது அவர் திட்டம்.

உள்ளே இடுப்பில் கைவைத்தபடி ஒரு அம்மாள் நின்றிருந்தாள். அந்த இடத்தை நடத்துகிறவள், எல்லோருக்கும் பெரியக்கா.

“அப்பாடா, வந்துட்டீங்களா! வேன் வந்து எவ்வளவு நேரமாச்சு. உருளைக்கிழங்கு மூட்டையெல்லாம் இறக்கணும். ஏப்ரன் அந்தக் கொக்கியில தொங்குது பாருங்க.”

“இல்லக்கா, நான் வந்து...”

“பேச்செல்லாம் அப்புறம். முதல்ல மூட்டை!”

டிரைவர் வேன் பக்கம் நடந்தார். மூட்டையை இறக்கினார். இறக்கியதை அடுக்கினார். அடுக்கியதைப் பிரித்து மேசைக்குக் கொண்டுபோனார். “இங்க வாங்க”, “அதைக் கொஞ்சம் பிடிங்க”, “நீங்க இல்லேன்னா இன்னைக்கு நாறிப்போயிருக்கும்” என்று நாலு பக்கமும் அவரைக் கூப்பிட்டார்கள். போகிற இடமெல்லாம் ஆள் வேண்டாம் என்று சொல்லக் கேட்டே புளித்துப்போன காதுக்கு அது தேனாக இருந்தது. வேலை முடிந்ததும் எல்லோருடனும் நின்று தேநீர் குடித்தார், இரண்டு ஜோக்கும் அடித்தார். “அடுத்த வாரமும் மறக்காம வந்துடுங்க” என்றாள் பெரியக்கா. அப்புறம் எங்கே பையை நீட்டுவது?

வீட்டில் மனைவி கேட்டாள்: “சாமான் எங்க?”

“தீர்ந்துபோச்சும்மா. கூட்டம்னா கூட்டம், அப்படி ஒரு கூட்டம்.”

“சட்டையெல்லாம் என்ன மண்ணு?”

“வரிசையில... சுவத்துல சாஞ்சு நின்னேன்.”

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். அன்று சாப்பிடும்போது டிரைவர் தனக்குப் பசியே இல்லை என்று சொல்லித் தன் பங்கைப் பெண்களின் தட்டுகளில் தள்ளிவிட்டார். பசியில் வயிறு போட்ட சத்தம் பக்கத்து அறைவரை கேட்டிருக்கும்.

அடுத்த சனிக்கிழமை அவரை வெங்காய மேசையில் நிறுத்தினார்கள். ஏப்ரனும் கையுமாக அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தவர், எதிரே நீண்ட பை தன் வீட்டுப் பையாக இருக்கவும் தலையை நிமிர்த்தினார். மனைவி! கடையில் சொல்லி வேலை நேரத்தை மாற்றிக்கொண்டு வந்திருந்தாள். சட்டையில் மண் படிந்த கதை அவளுக்கு அரைகுறையாகப் புரிந்திருந்தது. மீதி இப்போது விளங்கியது.

“அண்ணே,” என்றாள் முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல், “கொஞ்சம் பெரிசா பார்த்துப் போடுங்க. எங்க வீட்டுக்காரருக்குப் போன வாரம் ஒண்ணுமே கிடைக்கலையாம்.”

டிரைவருக்கு வேர்த்துக் கொட்டியது. கை தானாகப் பெரிய வெங்காயமாகப் பொறுக்க ஆரம்பித்தது. வரிசையில் அவளுக்குப் பின்னால் நின்றவருக்குப் பொறுக்கவில்லை.

“என்ன சார், இந்தம்மாவுக்கு மட்டும் பொறுக்கிப் பொறுக்கிப் போடுறீங்க? சொந்தமா?”

“சொந்தம்தான்,” என்றாள் மனைவி. “கட்டின புருஷன்.”

வரிசை மொத்தமும் கொல்லென்று சிரித்தது. அவருக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. விறுவிறுவென்று பின்னறைக்குப் போய்க் காலி மூட்டை ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டார். பெரியக்கா பின்னாலேயே வந்தாள். அவர் தரையைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொல்லிமுடித்தார்.

“அட கடவுளே! ஒருத்தர் உதவிக்கு வரேன்னு சொல்லியிருந்தார். நீங்கதான் அவர்னு நினைச்சேன்,” என்று தலையில் கைவைத்துக்கொண்டாள் பெரியக்கா. “அப்போ போன வாரம் அத்தனை மூட்டையும் தூக்கிட்டு வெறுங்கையோடவா போனீங்க? வீட்டுல புள்ளைங்க இருக்கும்போது? உங்களுக்குக் கொஞ்சமாவது புத்தி இருக்கா?”

“வாங்கிக்க வெட்கமா இருந்துச்சுக்கா.”

“வெட்கப்பட்டா வயிறு கேக்குமா?”

அதற்குள் மனைவியும் வந்து நின்றாள். கையிலிருந்த பை காலியாக இருந்தது. வெங்காயத்தை மேசையிலேயே கொட்டிவிட்டு வந்திருக்கிறாள்.

“ஏப்ரனைக் கழட்டுங்க. உங்க இடத்துல நான் நிக்கிறேன். நீங்க போய் வரிசையில நின்னு வாங்கிட்டு வாங்க. இன்னைக்கு விட்டா என்னைக்கும் நிக்க மாட்டீங்க.”

அவர் வரிசையின் கடைசியில் போய் நின்றார். முதலில் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். முன்னால் ஒரு பெண் முட்டைக்கோஸை எப்படிச் செய்தாலும் தன் மகன் தொட மாட்டேனென்கிறான் என்று புலம்ப, தன் சின்னவளும் அப்படித்தான் என்று இவர் சொல்லப்போக, பேச்சு பிடித்துக்கொண்டது. தக்காளியோடு பொடியாக நறுக்கிப் போட்டால் பிள்ளைகளுக்குத் தெரியாது என்று யோசனைகூடச் சொன்னார். யாரும் அவரை உற்றுப் பார்க்கவில்லை. எல்லோருக்கும் அவரவர் பை, அவரவர் அடுப்பு. வரிசை நகர்ந்தது அவருக்குத் தெரியவே இல்லை.

“வீட்டுல எத்தனை பேருங்க?” என்றாள் மனைவி, மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

“நாலு பேருங்க,” என்று பையை நீட்டினார் அவர்.

அவள் நிதானமாகப் பையை நிரப்பினாள். வெங்காயம் எல்லோருக்கும் போலத்தான். ஒன்றுகூடப் பொறுக்கிப் போடவில்லை.

அதற்கப்புறம் சனிக்கிழமைகளில் மூட்டையை இறக்கிவிட்டு வரிசையில் நிற்பது அவர் வழக்கமாயிற்று. வேனை ஓட்டுகிறவர் வேறு ஊருக்குப் போனதும் பெரியக்கா சாவியை இவர் கையில் கொடுத்தாள். நடக்க முடியாதவர்கள் வீட்டு வாசலுக்கே சாமானைக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை அது. முதல் நாளே ஒரு கிழவர் கதவை ஒரு கண் தெரியும் அளவுக்குத் திறந்து, “எனக்கு ஒண்ணும் வேண்டாம்பா, நான் நல்லாத்தான் இருக்கேன்,” என்று முறைத்தார்.

“சரிங்க ஐயா,” என்றார் டிரைவர், பையை இறக்கிவைத்துவிட்டு கதவு நிலையில் சௌகரியமாகச் சாய்ந்துகொண்டு. “தண்ணியாவது கொடுப்பீங்களா? எனக்கும் இப்படித்தான் ஆச்சு, ஒரு கதை சொல்றேன் கேளுங்க.”