ஆள் ஏறாத பஸ்

எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. விவேக் நகர்ல எங்க தெருவுல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க, ஜூடித்தா, அவ ஆரம்பிச்சா நிறுத்தமாட்டாளேன்னு. அறுபத்தாறாம் வருஷம் எங்க ஃபாக்டரிக்குக் கம்ப்யூட்டர் வந்தப்போ, அது படிக்கிறதுக்கு அட்டையில ஓட்டை போடற, கார்டு பஞ்ச் பண்ற வேலைக்கு என்னையும் என் சிநேகிதி காந்தாவையும் டெம்பரரியா எடுத்தாங்க. முதல் புரோகிராம் சக்சஸ் ஆச்சுன்னா பர்மனென்ட், இல்லாட்டி வீட்டுக்கு. காந்தாவோட அப்பா நெஞ்சு நோவுல படுத்துக் கிடந்தாரு. அவ பர்மனென்ட் ஆனாதான் ஃபாக்டரி ஆஸ்பத்திரியில அவருக்கு வைத்தியம். அதனால தினமும் முதல் கார்டைக் கண்ணுல ஒத்திக்கிட்டுத்தான் மெஷின்ல போடுவா.

அந்த புரோகிராம், ஆளுங்களை ஷிப்டுக்கு ஏத்திட்டு வர்ற ஃபாக்டரி பஸ்ஸுங்களுக்கு ரூட்டும் டைமும் போடறது. எங்க சார் சீனிவாசராகவன் தங்கமான மனுஷன், ஆனா சொந்தக் கார்ல வர்றவரு. சங்கு ஊதறதுக்கு முன்னாடி எல்லா பஸ்ஸும் கேட்டுக்குள்ள வந்துட்டா சக்சஸ்னு அவரே முடிவு பண்ணி வெச்சாரு. முதல் வாரம் ஒரு பஸ்கூட லேட் இல்ல. சார் குஷியில எங்களுக்கெல்லாம் மைசூர்பாகு வாங்கித் தந்தாரு.

பஸ்ஸுங்க டைமுக்கு வராம என்ன பண்ணும்? டைமைப் பிடிக்கணுமேன்னு டிரைவருங்க ஸ்டாப்புல நிறுத்தினதும் நிறுத்தாததுமா கிளப்பிட்டுப் போனாங்க. எங்க பக்கத்து வீட்டு தியோடர் அண்ணன், வெல்டர், காலைத் தாங்கித் தாங்கி ஓடி வர்றதை பஸ் ஜன்னல் வழியா பார்த்துட்டே போவேன். லேட்டா வந்தா கேட்ல திருப்பி அனுப்பிடுவாங்க. பாதி நாள் அவரு வேலையில்லாம வீட்டுல கிடந்தாரு. சார்கிட்ட சொல்லிடலாம்னு வாய் வரைக்கும் வரும். காந்தா மூஞ்சியைப் பார்த்து வாயை மூடிட்டிருந்தேன்.

சனிக்கிழமை சார் ரிப்போர்ட்டோட மேனேஜர் ரூமுக்குக் கிளம்பினாரு. போறப்போ சும்மா ஒரு பேச்சுக்கு, எல்லாம் சரிதானேம்மா, வேற ஏதாவது சேர்க்கணுமான்னு கேட்டாரு.

"பஸ்ல ஆள் இருக்கணும் சார்"னு சொல்லிட்டேன்.

ஆள் இல்லாமயா பஸ் வருதுன்னு கேட்டாரு. தியோடர் அண்ணன் கதையைச் சொன்னேன், காலி சீட்டுங்களைச் சொன்னேன். கோபப்படுவாருன்னு பார்த்தா, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து முழுசும் கேட்டுக்கிட்டாரு. அப்புறம் மேனேஜர்கிட்ட போயி, இது இன்னும் சக்சஸ் ஆகலை, டைம் வேணும்னு சொல்லிட்டு வந்தாரு. எங்க பர்மனென்டும் அதோட தள்ளிப் போச்சு.

காந்தா அழலை. "நீ சொன்னது நியாயம்தான்டி. அதை எங்கப்பா நெஞ்சுகிட்ட யாரு சொல்றது?"ன்னா. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கலாம்போல இருந்துச்சு. அதுக்கப்புறம் அவ என்கூட பேசலை.

எந்த ஸ்டாப்புல எத்தனை பேர் ஏறுறாங்க, பஸ் எவ்வளவு நேரம் நிக்கணும்னு சார் தானே போய் விசாரிச்சாரு. நானும் காந்தாவும் ஒருத்தரோட ஒருத்தர் பேசாமலே எல்லா கார்டையும் மறுபடி பஞ்ச் பண்ணோம். புது டைம் வந்த அன்னிக்கு பஸ் நிரம்பி வழிஞ்சுது. தியோடர் அண்ணன் முன்னாடி சீட்டுல ஜம்முனு உட்கார்ந்திருந்தாரு. அடுகோடி ஸ்டாப்புல காந்தா ஏறினா. உட்கார இடமில்ல. என் சீட்டுப் பக்கத்துல வந்து கம்பியைப் பிடிச்சுட்டு நின்னா, என் முகத்தைப் பார்க்கலை. வண்டி திரும்பறப்போ, கையில இருந்த டிபன் கேரியரை என் மடியில வெச்சா. இறங்கற வரைக்கும் அதை ரெண்டு கையாலயும் பிடிச்சுட்டு வந்தேன்.